பிரிக் லேன்: இலண்டன் மாநகரில் ஒரு தொழிலாளர் தெருவின் வரலாறு

 

பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து செல்வது என்பது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று நம் பாட்டன்மார் சென்றனர். வளைகுடா நாடுகளுக்கு நம் பிள்ளைகள் சென்றுகொண்டிருக்கின்றனர். சென்றவர்கள் அனுப்பிய பொருளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால், ஏதுமற்றவர்களாக ஓர் அந்நிய நகரில் போய் இறங்கும் மக்கள் எப்படிக் காலூன்றுகின்றனர், எவற்றையெல்லாம் இழக்கின்றனர், தமக்கென எதை நிறுவிக்கொள்கின்றனர் என்பதைக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். இவற்றையெல்லாம் ஒரே தெருவில் வைத்துக் காட்டும் இடம் ஒன்று இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் உண்டு. அதன் பெயர் பிரிக் லேன். செங்கல் சந்து என்பது அப்பெயரின் பொருள். அப்பகுதி மண்ணைக் கொண்டு செங்கல்லும் ஓடும் சுட்டு, அந்தப் பாதை வழியாக வண்டியில் ஏற்றிச் சென்றதால் ஏற்பட்ட பெயர் இது.

அத்தெருவும் ஃபூர்னியர் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு பெரிய செங்கல் கட்டடம் நிற்கிறது. 1743-இல் அது பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த கிறித்தவ அகதிகளின் தேவாலயமாகக் கட்டப்பட்டது. பின்னர் ஆங்கிலேயரின் மெத்தடிஸ்ட் சபைக் கோயிலாயிற்று. அதன் பின் யூதர்களின் தொழுகைக் கூடமாயிற்று. 1976 முதல் அது ஜும்ஆ பள்ளிவாசல். உலகில் வழிபாட்டிடங்கள் கைமாறிய வரலாறு பெரும்பாலும் போரினாலும் படையெடுப்பினாலும் எழுதப்பட்டது. இங்கே அவ்வாறன்று. ஒரு கூட்டத்தார் வறியவராக வந்து, உழைத்து, ஓரளவு முன்னேறி வேறிடம் பெயர, அடுத்த கூட்டத்தார் அவ்விடத்தை விலை கொடுத்தோ குத்தகைக்கோ பெற்றுக்கொண்டனர். இந்த மாற்றங்களின் வரலாற்றை இறையருளால் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

நகர் மதிலுக்கு வெளியே

பிரிக் லேன் அமைந்துள்ள வட்டாரத்திற்கு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்று பெயர். 1197-இல் நிறுவப்பட்ட புனித மேரி மருத்துவ மடத்தைச் சுற்றியிருந்த வயல்வெளி என்பதே அப்பெயரின் மூலம். பழைய இலண்டன் நகரம் மதிலுக்குள் இருந்தது. மதிலுக்குள் தொழில் செய்ய வேண்டுமாயின் கைவினைஞர் சங்கங்களின் கட்டுப்பாட்டிற்கு உட்பட வேண்டும். மதிலுக்கு வெளியே அக்கட்டுப்பாடு தளர்ந்திருந்தது; வாடகையும் குறைவு. மேலும் இலண்டனில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், புகையும் நாற்றமும் கிளப்பும் தொழில்கள் கிழக்குப் பக்கமே ஒதுக்கப்பட்டன. சாயத்தொழில், தோல் பதனிடுதல், மது வடித்தல் ஆகியவை அங்குப் பெருகின. தெற்கே தேம்ஸ் நதியின் துறைமுகம். ஆக, நகருக்குள் இடமில்லாத தொழிலும் நகருக்குள் இடம் கிடைக்காத மனிதரும் சேர்ந்து தங்கும் இடமாக அது ஆனதில் வியப்பில்லை.

பட்டு நெசவாளர்கள்

பிரான்ஸ் நாட்டில் கத்தோலிக்க மதமே அரச மதம். அங்குச் சிறுபான்மையினராக வாழ்ந்த புராட்டஸ்டண்ட் கிறித்தவர்கள் ஹியூகெனாட்டுகள் எனப்பட்டனர். 1598-இல் நான்ட் நகரில் பிறப்பிக்கப்பட்ட அரசாணை அவர்களுக்கு வழிபாட்டுரிமை வழங்கியிருந்தது. 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் அவ்வாணையை இரத்துச் செய்தான். அவர்களுடைய ஆலயங்கள் இடிக்கப்பட்டன. நாட்டை விட்டு வெளியேறுவதும் தடுக்கப்பட்டது. எனினும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் தப்பி வெளியேறினர். அவர்களுள் ஐம்பதாயிரம் பேரளவில் இங்கிலாந்து வந்து சேர்ந்தனர் என்று மதிப்பிடுவர். அகதியைக் குறிக்கும் 'ரெஃப்யூஜி' என்னும் சொல் ஆங்கில மொழியில் நுழைந்ததே இவர்களைக் குறிக்கத்தான்.

வந்தவர்களில் பட்டு நெசவாளர் பலர். அவர்கள் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் குடியேறித் தறிகளை நிறுவினர். நெசவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வீடுகளின் மேல்மாடியில் அகன்ற சாளரங்களை வைத்தனர். அத்தகைய வீடுகள் ஃபூர்னியர் தெருவில் இன்றும் உள்ளன. ஏழை அகதிகளுக்குக் கஞ்சி வழங்க 1690 வாக்கில் ஓர் அறச்சாலையையும், முதியோருக்கும் நோயாளிகளுக்குமாக 1718-இல் ஒரு மருத்துவமனையையும் அமைத்தனர். 1743-இல் முன்சொன்ன தேவாலயத்தைக் கட்டினர். அதன் சுவரில் ஒரு சூரியக் கடிகாரம் பதித்து, மனிதர் நிழல் போன்றவரே என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகத்தையும் பொறித்தனர். அக்கடிகாரம் இன்றைய பள்ளிவாசலின் சுவரிலும் அப்படியே இருக்கிறது.

நம் தமிழகத்துக்கும் இந்த நெசவாளர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் ஏற்றிச் சென்ற சாயம் தோய்ந்த சீட்டித் துணிகள் இலண்டன் பெண்களின் மனத்தைக் கவர்ந்தன. அவை பட்டை விட மலிவு. துவைத்தாலும் சாயம் போகாது. பட்டுக்கு விற்பனை குறைந்தது. 1697-இல் நெசவாளர்கள் கம்பெனியின் தலைமையகத்தைத் தாக்கினர். 1719-இல் தெருவில் சீட்டி அணிந்து சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழித்தெறியும் அளவுக்குக் கலவரம் மூண்டது. இறுதியில் 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணிகளை அணிவதையே பெரும்பாலும் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. நாடிழந்து வந்தவரும் அவர் தம் வழித்தோன்றலும் தம் தறியைக் காத்துக்கொள்ள நடத்திய அப்போராட்டத்தின் விளைவு, பல்லாயிரம் கல் தொலைவில் நம் கரையோர நெசவாளரின் தறியைத் தொட்டது.

பிரெஞ்சுக்காரரோடு அயர்லாந்து நெசவாளரும் வந்து சேர்ந்தனர். 1760களில் கூலிக் குறைப்பை எதிர்த்து நெசவாளர்கள் இரகசியச் சங்கங்கள் அமைத்து, குறைந்த கூலிக்கு நெய்தவர்களின் தறியில் இருந்த பட்டை அறுத்தனர். அரசு படையை அனுப்பியது. 1769 டிசம்பரில் நெசவாளர் இருவர் பெத்னல் கிரீனில் மக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டனர். ஆனால் போராட்டம் வீண் போகவில்லை. நெசவுக் கூலியை நீதிபதிகள் நிர்ணயிக்க வேண்டும் என்னும் சட்டம் 1773-இல் வந்தது. ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் நெசவாளரைக் காத்த அச்சட்டம் 1824-இல் நீக்கப்பட்டது. இரண்டாண்டுகளில் பிரெஞ்சுப் பட்டின் இறக்குமதிக்கு இருந்த தடையும் நீங்கியது. 1860-இல் ஏற்பட்ட வணிக உடன்படிக்கை எஞ்சியிருந்த தீர்வையையும் போக்கியது. அத்துடன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டுத்தொழில் முடிவுக்கு வந்தது எனலாம். வசதியுள்ள குடும்பங்கள் ஆங்கிலச் சமூகத்தோடு கலந்து மறைந்தன. நெசவாளரின் அழகிய வீடுகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டு நெரிசல் மிகுந்த ஏழைக் குடியிருப்புகளாயின. தேவாலயமும் கைமாறி 1819-இல் மெத்தடிஸ்டுகளிடம் சென்றது.

தையற்காரர்கள்

1881 மார்ச் மாதம் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொலையுண்டார். அப்பழி யூதர்கள் மேல் விழுந்து, அவர்களுக்கு எதிரான கலவரங்கள் பரவின. 1881 முதல் 1914 வரை இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவை விட்டு வெளியேறினர். பெரும்பாலோர் அமெரிக்கா சென்றனர். ஓர் இலட்சத்திற்கும் அதிகமானோர் பிரிட்டனில் தங்கினர். கப்பலை விட்டு இறங்கியவர்களின் முதல் புகலிடம் துறைமுகத்தை அடுத்த கிழக்கு இலண்டனே.

அவர்கள் கையில் இருந்த தொழில் தையல். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட தையல் இயந்திரத்தைத் தவணையில் பெற்று, குடியிருந்த அறையையே தொழிற்கூடமாக்கினர். ஒரு கோட்டைத் தைக்கும் வேலை பலராகப் பிரிக்கப்பட்டது. துணியை வெட்டுபவர் ஒருவர், இயந்திரத்தில் தைப்பவர் ஒருவர், இஸ்திரி போடுபவர் ஒருவர், காஜா எடுத்துப் பொத்தான் தைப்பவர் ஒருவர் என்று அது நடந்தது. பருவம் வந்தால் நாளொன்றுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேர வேலை. பருவம் போனால் வேலையே இல்லை. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் வைட்சாப்பல் சாலையில் கூடி நின்று, முதலாளிகள் வந்து அழைத்துச் செல்லக் காத்திருப்பர். காற்றோட்டமற்ற அக்கூடங்களில் காசநோய் பரவிற்று. பிரபுக்கள் சபை 1888-இல் குழு அமைத்து இந்நிலையை விசாரித்தது.

1889 ஆகஸ்ட் மாதம் துறைமுகக் கூலிகள் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலை நிறுத்தம் செய்து வென்றனர். அதே வேளையில் யூதத் தையற்காரர்கள் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாகக் குறைக்கக் கோரி வேலை நிறுத்தத்தில் இறங்கினர். துறைமுகத் தொழிலாளர் தம் போராட்ட நிதியிலிருந்து 100 பவுன் தையற்காரருக்கு வழங்கினர். 1912-இல் மீண்டும் இரு தரப்பாரும் வேலை நிறுத்தம் செய்தபோது, தையற்காரர் முதலில் வென்றனர். துறைமுகத்தாரின் போராட்டம் நீண்டுகொண்டே போய்க் குழந்தைகள் பட்டினி கிடந்தனர். அக்குழந்தைகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோரை யூதக் குடும்பங்கள் தம் வீடுகளில் ஏற்று உணவும் உடையும் தந்து காத்தன. உதவியவர்களும் செல்வர் அல்லர். அடுத்த வேளைக்கு உழைத்தே உண்ண வேண்டியவர்கள். இச்செயலின் பலன் இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

யூதச் சமுதாயம் தன்னைத் தானே பேணிக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. கப்பலிலிருந்து இறங்குவோர் மோசக்காரரிடம் சிக்காமலிருக்க 1885-இல் தற்காலிகத் தங்குமிடம் அமைத்தனர். ஏழைகளுக்கான உணவுச்சாலை நடத்தினர். 1902-இல் அதற்கெனக் கட்டிய கட்டடத்தின் முகப்பு புரூன் தெருவில் இன்றும் நிற்கிறது. பெல் லேனில் இருந்த யூத இலவசப் பள்ளியில் 1900 வாக்கில் ஏறத்தாழ 4,000 பிள்ளைகள் படித்தனர். அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய பள்ளிக்கூடமாக அது பேசப்பட்டது. 1898-இல் பிரிக் லேன் முனையில் இருந்த பழைய தேவாலயம் 'மஹ்சிக்கே ஹதாத்' என்னும் சபையாரின் தொழுகைக் கூடமாயிற்று. வைதிகப் பற்று மிக்க அச்சபையார் அங்கே மார்க்கக் கல்வியையும் நடத்தினர்.

எதிர்ப்பும் இருந்தது. வேற்று நாட்டார் வேலையைப் பறிக்கின்றனர், வாடகையை ஏற்றுகின்றனர் என்று கூறி 1901-இல் 'பிரிட்டிஷ் பிரதர்ஸ் லீக்' என்ற அமைப்பு தோன்றியது. அதன் அழுத்தத்தால் 1905-இல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் அந்நியர் சட்டம் நிறைவேறியது. 1936-இல் ஆஸ்வால்ட் மோஸ்லி என்பவர் கருஞ்சட்டைப் படையுடன் யூதர் தெருக்களின் வழியே அணிவகுத்துச் செல்லப் போவதாக அறிவித்தார். அக்டோபர் 4-ஆம் நாள் ஆயிரக்கணக்கான போலீசார் வழிவிடச் செய்ய முனைந்தும், இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் தெருக்களை மறித்தனர். கேபிள் தெருவில் யூதரோடு தோள் சேர்ந்து தடுப்பரண் அமைத்தவர்கள் அயர்லாந்து வழிவந்த துறைமுகத் தொழிலாளர்கள். ஊர்வலம் கைவிடப்பட்டது. 1912-இல் யூதர் வீட்டில் உண்ட குழந்தைகளின் தலைமுறையே 1936-இல் அத்தெருவில் நின்றது என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் வீசிய குண்டுகளால் கிழக்கு இலண்டன் பெருஞ்சேதம் அடைந்தது. போருக்குப் பின் யூதக் குடும்பங்கள் வடக்கு இலண்டனின் வசதியான பகுதிகளுக்குப் பெயர்ந்தன. தையற்கூடங்கள் எஞ்சின, தைக்க ஆள் குறைந்தது.

கப்பல் தொழிலாளிகள்

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் தொட்டே இந்தியக் கடலோடிகள் இலண்டன் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தனர். அவர்களை 'லஸ்கர்' என்று அழைத்தனர். சாரங்கு என்னும் தலைவன் வழியாக ஆள் சேர்ப்பதும், வெள்ளைக்கார மாலுமியைக் காட்டிலும் மிகக் குறைந்த சம்பளம் தருவதும் வழக்கம். திரும்பும் கப்பல் கிடைக்காமல் பலர் இலண்டன் குளிரில் தெருவில் கிடந்து மாண்டனர். அவர்களுக்கென 1857-இல் லைம்ஹவுஸில் ஒரு தங்குமிடம் திறக்கப்பட்டது.

நீராவிக் கப்பல்கள் வந்த பின், கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடும் கடும் வேலையில் சில்ஹெட் பகுதி முஸ்லிம்கள் பெருமளவில் சேர்ந்தனர். சில்ஹெட் இன்று வங்காள தேசத்தின் வடகிழக்கில் உள்ளது. ஹஸ்ரத் ஷாஹ் ஜலால் (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் ஊர். அந்த வெப்பத்தைத் தாங்க முடியாமலும், கரையில் நல்ல கூலி கிடைக்கும் என்ற நம்பிக்கையாலும் சிலர் கப்பலை விட்டு இறங்கி மறைந்தனர். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் அய்யூப் அலி மாஸ்டர். இவர் 1920களில் கமர்ஷியல் தெருவில் 'ஷாஹ் ஜலால்' என்ற பெயரில் சிற்றுண்டிச்சாலை நடத்தினார். புதிதாக வந்தவர்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். காவல் நிலையத்தில் பதிவு செய்ய உதவினார். 1943-இல் இந்தியக் கடலோடிகள் நலச் சங்கத்தையும் தோழர்களுடன் சேர்ந்து தோற்றுவித்தார். பிற்காலத்தில் பிரிட்டனெங்கும் பரவிய சில்ஹெட் சமூகத்தின் முதல் வேர்கள் இத்தகைய சிறு உணவகங்களிலும் தங்கும் அறைகளிலுமே ஊன்றின.

தொழுகைக்கென ஓர் இடம் அமைந்த கதையும் பொறுமையின் கதை. இலண்டனில் பள்ளிவாசல் கட்டுவதற்கான நிதி 1910-இல் தொடங்கப்பட்டது. நீதிபதி செய்யித் அமீர் அலி அதன் முன்னோடி. திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த மர்மட்யூக் பிக்தால், அப்துல்லாஹ் யூசுப் அலி ஆகிய இருவரும் அந்நிதியின் பணிகளில் பங்கேற்றவர்கள். எனினும் சொந்த இடம் அமையும் வரை வாடகைக் கூடங்களிலேயே ஜும்ஆ நடந்தது. முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து, போர் நடந்துகொண்டிருந்த 1941-இல், கமர்ஷியல் சாலையில் மூன்று வீடுகளை வாங்கி கிழக்கு இலண்டன் பள்ளிவாசலைத் திறந்தனர். 1975-இல் நகர நிர்வாகம் அவ்விடத்தைக் கட்டாயக் கொள்முதல் செய்தது. வைட்சாப்பல் சாலையில் மாற்று இடம் பெற்று, 1985-இல் இன்றைய பள்ளிவாசல் எழுந்தது.

1978 மே மாதம்

போருக்குப் பின் ஆள் பற்றாக்குறையால் பிரிட்டன் தன் முன்னாள் குடியேற்ற நாடுகளிலிருந்து தொழிலாளரை வரவேற்றது. 1962-இல் வந்த சட்டம் வேலைச்சீட்டு முறையை ஏற்படுத்திக் கதவைப் பாதி மூடியது. ஆண்கள் முதலில் வந்தனர். ஓர் அறையில் பலர் தங்கி, ஒருவர் எழுந்த கட்டிலில் மற்றவர் உறங்கி, யூதர்களின் தையற்கூடங்களிலும் தோலாடைக் கூடங்களிலும் உழைத்தனர். 1971-இல் வங்காள தேசம் பிறந்தது. எழுபதுகளில் மனைவி மக்கள் வந்து சேர்ந்தனர். நகராட்சி வீடுகள் எளிதில் கிடைக்கவில்லை. காலியாகக் கிடந்த பழைய கட்டடங்களில் குடியேறிப் போராடியே பலர் வீடு பெற்றனர்.

அக்காலத்தில் 'நேஷனல் ஃப்ரண்ட்' என்னும் இனவெறிக் கட்சியினர் பிரிக் லேன் முனையில் நின்று பத்திரிகை விற்பர். வங்காளியரைத் தெருவில் தாக்குவது அன்றாட நிகழ்வாகியிருந்தது. 1978 மே 4-ஆம் நாள் மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி வைட்சாப்பல் சாலையை அடுத்து, இளைஞர் மூவரால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவர்களுக்கும் அவருக்கும் முன்பின் அறிமுகமில்லை. பத்து நாள் கழித்து, மே 14 அன்று, ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய சவப்பெட்டியைப் பின்தொடர்ந்து மழையில் நடந்து, பிரதமர் இல்லம் வரை சென்று நீதி கேட்டனர். அதுவரை தலைகுனிந்து நடந்த சமூகம் அன்று முதல் நிமிர்ந்தது என்பது அவ்வூராரின் கூற்று. இளைஞர் அமைப்புகள் தோன்றின. அவற்றில் பயின்றவர்கள் நகர்மன்றத்திலும் பின்னர் நாடாளுமன்றத்திலும் இடம்பெற்றனர். 2010-இல் அத்தொகுதியிலிருந்து ருஷனாரா அலி நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொலை நடந்த இடத்தை ஒட்டிய பூங்காவுக்கு 1998-இல் அல்தாப் அலியின் பெயர் சூட்டப்பட்டது.

இந்நிகழ்ச்சிக்கு இரண்டாண்டுகள் முன்னர், 1976-இல், யூதர்கள் விட்டுச் சென்ற அந்தத் தொழுகைக் கூடம் பள்ளிவாசலாயிற்று. கட்டடம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம் ஆதலின் அதன் வெளித்தோற்றம் பெரிதும் மாற்றப்படவில்லை. 2009-ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஏறத்தாழ 90 அடி உயர எஃகு மினாரா ஒன்று பக்கத்தில் நிறுத்தப்பட்டது.

இன்றைய நிலை

எண்பதுகளுக்குப் பின் மலிவான ஆயத்த ஆடைகள் வெளிநாடுகளிலிருந்து வந்து குவிந்தன. நெசவுக்கு நேர்ந்ததே தையலுக்கும் நேர்ந்தது. கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, மக்கள் உணவகத் தொழிலுக்குத் திரும்பினர். தெருப்பெயர்ப் பலகைகள் வங்க மொழியிலும் எழுதப்பட்டன. வட்டத்தின் பெயரே 2002-இல் 'ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் – பங்களாடவுன்' என்றாயிற்று. 1999 ஏப்ரலில் இனவெறியன் ஒருவன் வைத்த ஆணிக்குண்டு பிரிக் லேனில் வெடித்துப் பலர் காயமுற்றனர். தெரு அதையும் தாங்கி நின்றது.

ஆனால் இனவெறிக்கு அசையாத அத்தெருவை வாடகை அசைத்துவிட்டது. இலண்டன் நகரின் வங்கி வட்டாரம் அருகே இருப்பதால் நிலமதிப்பு ஏறிற்று. பழைய நெசவாளர் வீடுகள் செல்வந்தரின் மாளிகைகளாயின. இரண்டாயிரங்களின் நடுவில் அறுபதளவில் இருந்த வங்காளி உணவகங்கள் 2020-இல் 23 ஆகக் குறைந்துவிட்டன என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள். சொந்தக் கட்டடம் உள்ளவர்களே நிலைத்தனர். மூடப்பட்ட மதுவடி ஆலை வளாகத்தில் கடைவளாகமும் அலுவலகங்களும் கட்டும் திட்டத்திற்கு 2021-இல் நகர்மன்றக் குழு அனுமதியளித்தபோது, வங்காளியரும் ஏனையோரும் சேர்ந்து எதிர்த்தனர். முன்னைய இரு கூட்டத்தாரும் முன்னேறி வெளியேறினர். இப்போது வெளியேறுவோரில் எத்தனை பேர் முன்னேறியதால் செல்கின்றனர், எத்தனை பேர் தாங்க முடியாமல் செல்கின்றனர் என்பதே அங்கு எழுந்துள்ள கேள்வி. அப்பகுதி அடங்கிய டவர் ஹாம்லட்ஸ் பெருநகர வட்டத்தில் 2021 மக்கள் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் முஸ்லிம்கள்.

நாம் பெறத்தக்க படிப்பினைகள்

மக்காவிலிருந்து அனைத்தையும் விட்டு வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்ஸாரிகள் ஏற்றுக்கொண்ட வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிரிக் லேன் வரலாறும் அதே வினாவை நம் முன் வைக்கிறது: வந்தவனை முதலில் ஏற்றவன் யார்?

முதலாவது, மூன்று கூட்டத்தாரும் வழிபாட்டிடத்தோடு நின்றுவிடவில்லை. உணவுச்சாலை, தங்குமிடம், மருத்துவமனை, கடிதம் எழுதிக் கொடுக்கும் மேசை ஆகியவற்றையும் சேர்த்தே அமைத்தனர். இன்று நம் ஊர்களிலேயே பீகார், வங்காளம், அஸ்ஸாம் பகுதிகளிலிருந்து வந்து கட்டட வேலையிலும் உணவகங்களிலும் உழைக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். ஜும்ஆவில் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டுப் போகும் அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? நோயுற்றால் அழைத்துச் செல்லவும், இறந்தால் ஊருக்குத் தகவல் தரவும் நம் ஜமாஅத்தில் ஓர் ஏற்பாடு உண்டா?

இரண்டாவது, அண்டைச் சமூகத்தாருக்குத் துன்ப காலத்தில் செய்த உதவி, செய்தவரே எதிர்பாராத நாளில் அரணாக வந்து நின்றது. அது ஒப்பந்தம் போட்டுச் செய்த உதவியன்று.

மூன்றாவது, சொந்தமாக இடம் வாங்கி வைத்த நிறுவனங்களே நிலைத்தன. முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற வக்ஃபு சொத்துகளின் அருமை இதனால் விளங்கும். 2015-இல் கிழக்கு இலண்டன் பள்ளிவாசல் தன் பக்கத்தில் மூடப்பட்ட யூதத் தொழுகைக் கூடத்தையும் விலை கொடுத்து வாங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

நான்காவதாக ஒன்று. 1910 முதல் 1951 வரை அப்பள்ளிவாசல் நிதிக் குழுவினர் எழுதி வைத்த கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் 2011-இல் பேராசிரியர் ஹுமாயூன் அன்ஸாரி அவர்களால் பதிப்பிக்கப்பட்டு வரலாற்று நூலாக வெளிவந்தன. யார் வந்தார், எவ்வளவு தந்தார், எந்தத் தீர்மானம் நிறைவேறிற்று என்று அன்றைய செயலாளர்கள் எழுதிய சாதாரண வரிகள் இன்று ஒரு சமுதாயத்தின் ஆவணமாயின. நம் ஜமாஅத்தின் பழைய தீர்மானப் புத்தகங்கள், நிக்காஹ் பதிவேடுகள், வரவு செலவு ஏடுகள் ஆகியவை எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஜமாஅத்தார் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். கரையானுக்கு இரையாகுமுன் அவற்றை எடுத்து அடுக்கிப் படியெடுத்து வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. படித்த இளைஞர் நால்வர் முன்வந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடிந்துவிடும். வருங்காலத்தில் நம் தெருவின் வரலாற்றை எழுத வருபவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஊர் பெயர்ந்து வாழும் நம் மக்கள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! நம்மை நாடி வந்தவர்களுக்கு நல்ல அண்டையாராக வாழும் பாக்கியத்தை நமக்கு வழங்குவானாக! ஆமீன்.